தேங்காய் எண்ணெயை விட்டுவிட வேண்டுமா?

கேள்வி: கணவருக்கு வயது 48. எல்.டி.எல். என்ற கெட்ட கொழுப்பு 158 வந்திருக்கிறது. சர்க்கரை, பிரஷர் இல்லை. நாகர்கோவில்காரர்கள், சமையல் முழுக்கத் தேங்காய் எண்ணெய்தான். நாலு பேருக்கு மாதம் 4 லிட்டர் ஆகும். டாக்டர் மாற்றச் சொல்கிறார். அது இதயத்துக்கு நல்லது என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே?

பதில்: டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். நீங்கள் எழுதிய அந்த 4 லிட்டரிலேயே விஷயம் இருக்கிறது. ஆளுக்கு ஒரு லிட்டர் என்றால் தினமும் சுமார் 30 கிராம். தேங்காய் எண்ணெயில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு; ஆக, 25 கிராம். மொத்தக் கலோரியில் நிறைவுற்ற கொழுப்பு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 22 கிராம்தான். பால், இறைச்சி, குழம்புக்கு அரைக்கும் தேங்காய் எதையும் சேர்க்காமலே எல்லை தாண்டியாயிற்று.

ரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.லை எடுத்து அப்புறப்படுத்துவது கல்லீரல். நிறைவுற்ற கொழுப்பு கூடினால் அந்த வேலை மந்தமாகிறது. மிஞ்சும் எல்.டி.எல். இதய ரத்தக்குழாய்ச் சுவரில் வருடக்கணக்காகப் படிகிறது. வலி, அறிகுறி எதுவும் இருக்காது. அதுதான் எனக்குக் கவலை.

தேங்காய் எண்ணெய்க்கு ஆதரவாகச் சொல்லும் ‘நடுத்தரச் சங்கிலிக் கொழுப்பு, உடனே எரிந்துவிடும்’ என்பது, சங்கிலியில் 8, 10 கார்பன் அணுக்கள் உள்ள கொழுப்புகளுக்குச் சரி. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி, 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். அதில் பெரும்பகுதி மற்ற நிறைவுற்ற கொழுப்புகளின் வழியில்தான் ரத்தத்துக்குப் போகிறது. 2020இல் 16 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். மற்ற தாவர எண்ணெய்களைவிட இது எல்.டி.எல்.லைச் சுமார் 10 புள்ளி கூட்டியது. நல்ல கொழுப்பும் சற்று ஏறியது உண்மை. ஆனால் நியாசின் மருந்தால் அதை ஏற்றிப் பார்த்தும் மாரடைப்பு குறையவில்லை.

தாளிக்க, பொரிக்க, தோசைக்குக் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ எடுங்கள். அதே 30 கிராமில் நிறைவுற்ற கொழுப்பு 5, 6 கிராமாக இறங்கிவிடும். அவியலை இறக்கும்போது ஊற்றும் பச்சைத் தேங்காய் எண்ணெயை நிறுத்த வேண்டாம். ஆளுக்கு ஒரு டீஸ்பூன் போனாலும் நிறைவுற்ற கொழுப்பு 4 கிராம்தான். சாளை (மத்தி) மீனைப் பொரிக்காமல் குழம்பு வையுங்கள். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதால் கடை மிக்சர், பப்ஸும் இந்தக் கணக்கில் சேரும். எண்ணெயைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கரண்டி சோறு போட்டால் பலன் இல்லை. பயறு, காய், நிலக்கடலை போடுங்கள்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால், அல்லது அவருடைய அப்பா, அண்ணன் தம்பி யாருக்காவது 55 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால், டாக்டர் எல்.டி.எல்.லைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதலாம். எண்ணெயை மாற்றிவிட்டோமே என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.