முதல் வாசகர்கள்: வாசகர் கேள்வி பதில்

நாங்கள் ஏழு பேர் சிறுகதை எழுதுகிறோம். மாதம் ஒருமுறை கிளை நூலகத்தில் கூடி ஒருவர் கதைக்கு மற்றவர் கருத்துச் சொல்ல நினைக்கிறோம். முன்பு ஆரம்பித்தது மூன்றே மாதத்தில் நின்றுபோனது. இந்த முறை எப்படி நடத்துவது?
– வாசகர், விருதுநகர்

இத்தகைய கூட்டங்களைச் சண்டையைவிடக் களைப்புதான் அதிகம் நிறுத்துகிறது. ஒரே மாலையில் ஏழு கதையையும் எடுத்தால், ஏழாவது கதைக்கு வரும்போது பாதிப் பேர் பஸ்ஸுக்குக் கிளம்பியிருப்பார்கள். அந்தக் கதையை எழுதியவர் அடுத்த மாதம் வரமாட்டார். கூட்டத்துக்கு இரண்டு கதை போதும். ஒவ்வொன்றும் 2,500 சொல்லுக்குள் இருக்கட்டும். பத்து நாள் முன்பே எல்லார் கைக்கும் போய்விட வேண்டும். கூட்டத்தில் கதையை வாசித்துக் காட்டுவதை விட்டுவிடுங்கள். அதற்கே இருபத்தைந்து நிமிடம் போய்விடும். தவிர, குரல் வளம் உள்ளவரின் சுமாரான கதையும் காதுக்கு நல்ல கதையாகவே படும்.

பிரதியில் பக்க எண் அவசியம். வரிகளுக்கு நடுவிலும் ஓரத்திலும் பென்சிலுக்கு இடம் விடுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடிப்பவர்கள் யூனிகோடுக்கு மாற்றி அனுப்பட்டும். இல்லாவிட்டால் அடுத்தவர் செல்போனில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும்.

பேசும் முறைக்கு ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவில், பென்சில்வேனியா மாநிலத்து மில்ஃபோர்டு என்ற சிற்றூரில் 1956-ல் அறிவியல் புனைகதை எழுத்தாளர்கள் கூடத் தொடங்கினார்கள். 1968-ல் தொடங்கிய கிளாரியன் எழுத்துப் பட்டறையும் அவர்கள் வழியையே எடுத்துக்கொண்டது. எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து வரிசையாகப் பேசுவார்கள். கடைசி ஆள் முடிக்கும்வரை கதையை எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் தளர்த்தாதீர்கள். எழுதியவர் நடுவில் விளக்கத் தொடங்கினால் பேச்சு கதையை விட்டு விளக்கத்தின் பின்னால் போய்விடும். பத்திரிகையில் அந்தக் கதையைப் படிப்பவர் பக்கத்தில் அவர் உட்கார்ந்து விளக்கப்போவதில்லையே. ஆறு பேருக்குத் தலா நான்கு நிமிடம், எழுதியவருக்கு ஆறு நிமிடம். ஒரு கதைக்கு அரை மணி நேரம். கடிகாரம் பார்க்கும் பொறுப்பு மாதா மாதம் கை மாறட்டும். ஒரே ஆள் தலையில் விழுந்தால் அவர் ஓய்ந்த மாதமே வட்டமும் ஓயும்.

புதிதாக எழுதுகிறவரிடம் “நல்லாருக்கு” என்றால் பயனில்லை. குறை சொன்னால் எழுதுவதையே விட்டுவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, சேலம்

தீர்ப்புச் சொல்லாமல், படிக்கும்போது உங்களுக்கு என்ன நேர்ந்தது என்று மட்டும் சொல்லுங்கள். “நடை தொய்வாக இருக்கிறது” என்பது தீர்ப்பு. கேட்டவருக்கு எங்கே கை வைப்பதென்று தெரியாது. “மூணாம் பக்கத்துல அவன் பஸ்ஸுக்கு நிக்கிறான், அடுத்த பத்தியில வீட்டுல சோறு தின்கிறான். நடுவுல ஏதோ விட்டுட்டோமோன்னு ரெண்டு தடவை திரும்பிப் படிச்சேன்” என்று சொல்லிப் பாருங்கள். அவர் அந்தப் பக்கத்தைத் தானே புரட்டுவார். மனம் புண்படவும் அதில் ஒன்றுமில்லை, ஏனென்றால் நீங்கள் உங்களைப் பற்றித்தான் சொன்னீர்கள்.

பிடித்த இடத்தையும் இதே நுணுக்கத்தோடு சொல்ல வேண்டும். எந்த வரியில் சிரித்தீர்கள், எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட அவசரப்பட்டீர்கள் என்று சொன்னால்தான் தன் பலம் எதுவென்று அவருக்குத் தெரியும். “நானாக இருந்தால் இப்படி முடித்திருப்பேன்” என்பதை வாயிலேயே நிறுத்திக்கொள்ளுங்கள். அது உங்கள் கதை. எழுதியவரும் பிரதியோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கொடுத்தால் நல்லது: “அம்மா பொய் சொல்கிறாள் என்று எந்த இடத்தில் புரிந்தது?” என்பது போல.

நண்பர்களின் கதைகளுக்கு இலவசமாகப் பிழை திருத்துகிறேன். இப்போது ஒருவர் 80,000 சொல் நாவலைக் கொடுத்துவிட்டார். இன்னொருவர், தன் கதையைக் கெடுத்துவிட்டேன் என்கிறார்.
– வாசகர், தூத்துக்குடி

முதலில் நாவல். ஒற்று, சந்தி, ஒருமை பன்மை பார்த்து நிதானமாகப் படித்தால் மணிக்கு 1,500 சொல் நகரும். 80,000 சொல்லுக்கு ஐம்பது மணி நேரத்துக்கு மேல் ஆகும். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதம். இந்தக் கணக்கை அவரிடம் அப்படியே சொல்லுங்கள், நட்பு முறியாது. முதல் மூன்று அத்தியாயங்களை மட்டும் வாங்கித் திருத்தி, திரும்பத் திரும்ப வரும் பிழைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். ஒருவர் செய்யும் பிழைகளில் பெரும்பகுதி ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். மீதியை அவரே திருத்திக்கொள்ளலாம்.

கெடுத்துவிட்டதாகச் சொல்பவர் வட்டார வழக்கில் எழுதுகிறவராக இருக்கக்கூடும். “அத்தை வந்தாவ” என்பதைப் பிழையென்று நினைத்து “அத்தை வந்தாள்” என்று மாற்றினால் போச்சு. நெல்லைப் பக்கத்து “வந்தாவ”வில் மரியாதை இருக்கிறது. “வந்தாள்” அதைப் பறித்துவிடும். உரையாடலில் சந்தேகம் வந்தால் திருத்தாமல் ஓரத்தில் கேள்விக்குறி மட்டும் போடுங்கள். ஆசிரியர் கூற்றில் “எடுத்து கொண்டான்” என்றிருந்தால் தயங்காமல் ஒற்றைச் சேருங்கள்.

எனக்கு எழுத வராது, படிக்கத்தான் தெரியும். நான் உதவ முடியுமா?
– வாசகி, கும்பகோணம்

முடியும். எழுதாத வாசகர் தன் பாணியைப் பிறர் கதையில் திணிக்க மாட்டார். சென்னையில் 1970-ல் தொடங்கிய இலக்கியச் சிந்தனை அமைப்பு, இதழ்களில் வந்த கதைகளை மாதந்தோறும் படித்து ஒன்றைத் தேர்ந்தெடுத்து வந்தது. அந்த வேலைக்கு முதல் தேவை பொறுமையாகப் படிக்கும் கண்தான்.

குழுவில் பகிர்ந்தால் கதை திருடு போகாதா?
– வாசகர், ஈரோடு

எழுதிய உடனேயே பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. 1957-ம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் வெறும் கருவுக்குப் பாதுகாப்பு இல்லை, எழுதிய வடிவத்துக்குத்தான். தேதியுள்ள மின்னஞ்சலில் பிரதியை அனுப்புங்கள். பொதுவெளியில் போடாதீர்கள், “வேறெங்கும் வெளிவராத கதை” கேட்கும் போட்டிகளில் அது தகுதியை இழக்கக்கூடும்.

எங்கள் வட்டத்துப் பெண் ஒருவர் எழுதிய தற்கொலைக் கதை அவருடைய சொந்தக் கதை போலவே இருக்கிறது. கூட்டத்தில் பேசலாமா?
– பெயர் வேண்டாம், மதுரை

கூட்டத்தில் வேண்டாம். இருண்ட கதை எழுதுகிறவர் எல்லாரும் ஆபத்தில் இருப்பதில்லை. இருந்தாலும் கேட்காமல் விடக்கூடாது. அவருக்கு நெருக்கமான ஒருவர் தனியாகச் சந்தித்து, கதையை ஓரமாக வைத்துவிட்டு, “உங்களுக்கு அப்படி எண்ணம் வருதா?” என்று நேராகவே கேட்கட்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ஆமென்றால் தனியே விட்டுவிடாமல் வீட்டாரில் அவர் நம்பும் ஒருவரை வரவழையுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே எண்ணை அழுத்திக் கொடுங்கள்.