கீரையும் சாப்பிட்டாச்சு, மாத்திரையும் போட்டாச்சு... ரத்தம் ஏறவில்லையே?

கேள்வி: எனக்கு 36 வயது. ஹீமோகுளோபின் 9.2 இருந்தது. வாரம் நாலு நாள் முருங்கைக்கீரை, ராத்திரி மூன்று பேரீச்சம்பழம் சாப்பிடுகிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை மூன்று மாதமாகக் காலை டிபன் முடித்து டீ குடிக்கும்போது போட்டுக்கொள்கிறேன். இப்போது பார்த்தால் 9.4தான். மலம் கறுப்பாகப் போகிறது என்று மாமியார் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறார். சாப்பிடுகிற சத்தெல்லாம் எங்கேதான் போகிறது?
- வாசகி, தென்காசி

பதில்: உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது அந்த டீதான். சாப்பிட்டது எல்லாம் உடம்பில் சேர்ந்துவிடும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இரும்பு விஷயத்தில் அது நடக்காது. கீரை, பருப்பு, தானியங்களில் இருக்கும் இரும்பில் பெரும்பகுதி குடலைத் தொட்டுவிட்டு அப்படியே வெளியேறிவிடும். கூட என்ன சாப்பிடுகிறோம் என்பதைப் பொறுத்து, உள்ளே போகும் அளவு பல மடங்கு கூடும், குறையும்.

டீயில் இருக்கும் துவர்ப்புப் பொருள் குடலிலேயே இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தால், உள்ளே போக வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் வீணாகும். காபியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பாலில் உள்ள கால்சியமும் கொஞ்சம் குறுக்கே நிற்கும். நீங்கள் குடிப்பது பால் டீ வேறு!

வைட்டமின் சி இதற்கு நேரெதிர். சிறுகுடலின் தொடக்கத்தில், உடம்பு எடுத்துக்கொள்ளத் தோதான வடிவத்துக்கு இரும்பை மாற்றிக் கொடுப்பது அதுதான். முருங்கைக்கீரையிலும் வைட்டமின் சி உண்டு. ஆனால் நாம் வேகவைக்கிற வேகத்தில் பெரும்பாலும் போய்விடும். அதனால் பொரியலை இறக்கிய பிறகு எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்து பயனில்லை. சாப்பிட்டதும் ஒரு கொய்யாப்பழமோ, ஒரு பச்சை நெல்லிக்காயோ கடித்தால் இன்னும் நல்லது. பேரீச்சம்பழத்தை நம்பி இருக்காதீர்கள். மூன்று பழத்தில் ஒரு மில்லிகிராம் இரும்பு தேறுவதே கஷ்டம். உங்கள் வயதுப் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் வேண்டும் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. அசைவம் உண்டு என்றால் ஆட்டு ஈரல், சுவரொட்டி (மண்ணீரல்) எல்லாம் கைகொடுக்கும். அவற்றில் உள்ள இரும்பு டீயைப் பார்த்து அவ்வளவாக மிரளாது.

சரி, மாத்திரைக்கு வருவோம். டிபனுக்கு ஒரு மணி நேரம் முன்னால், வெறும் வயிற்றில், எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் போடுங்கள். வயிற்றைப் புரட்டினால் மட்டும் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். டீ ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துத்தான். கால்சியம் மாத்திரை எடுத்தால் அதை ராத்திரிக்குத் தள்ளுங்கள். தினமும் 'கேஸ் மாத்திரை' போடும் பழக்கம் இருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் இரும்பு சேர்வதைக் குறைக்கும். மலம் கறுப்பது, உள்ளே போகாத இரும்பின் நிறம். அதற்காக நிறுத்த வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லுங்கள். தார் போலப் பிசுபிசுப்பாக, கடும் நாற்றத்தோடு போனால் மட்டும் உடனே காட்ட வேண்டும்.

இன்னொன்று. இரும்பை உடம்பு லேசில் விடாது. சிவப்பணுக்கள் சுமார் 120 நாளில் மடிந்தாலும் அவற்றின் இரும்பை எடுத்துப் புது அணுக்களுக்குக் கொடுத்துவிடும். அப்படியும் பற்றவில்லை என்றால், ரத்தம் எங்கோ வெளியே போகிறதா என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் நீடிக்கிறதா, கட்டி கட்டியாகப் படுகிறதா? அப்படியென்றால் எத்தனை கீரை சாப்பிட்டாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

மாத்திரையை இப்படி மாற்றிப் போட்டு ஒரு மாதம் கழித்துப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புக் கையிருப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12, தலசீமியா (பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு) சோதனைகள் தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். 12-ஐத் தொட்டதும் நிறுத்திவிடாதீர்கள். கையிருப்பு நிரம்ப இன்னும் சுமார் மூன்று மாதம் போட வேண்டியிருக்கும். அப்புறம், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் அந்த டப்பாவை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து நாலைந்தை விழுங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து.