பூனைத் தீனிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்? தண்டையார்பேட்டைத் தம்பிக்கு ஒரு பதில்

தம்பி, நியூ ஜெர்சிக்கு வந்த கையோடு காப்பகத்திலிருந்து ஓர் ஆண் பூனையை எடுத்து வந்திருக்கிறீர்கள். கடையில் இருக்கும் பெண் விலை கூடிய பையைத்தான் வாங்கச் சொல்கிறார். உங்களுக்கு அந்த டாலரை ரூபாயாக்கிப் பார்த்தால் கை வர மாட்டேன் என்கிறது. அம்மாவோ போனில், “மீன் தல போட்டா துன்னுது, அதுக்கு இன்னாத்துக்குடா அவ்ளோ காசு?” என்கிறார். அம்மா வளர்க்கும் நாட்டு நாய்க்கும் இங்கிருந்து நல்ல தீனி அனுப்பட்டுமா என்று கூடவே கேட்டிருக்கிறீர்கள்.

நானும் வடசென்னைதான், ராயபுரம். இங்கே வந்து பல வருடமாகிறது; நாயும் பூனையும் வீட்டில் இல்லாமல் நான் இருந்ததே இல்லை. என் அனுபவத்தில், பையில் ‘பிரீமியம்’ என்று போட்டிருப்பதற்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. ஆனால் வேறு சில காரணங்களுக்காகக் கொடுக்க வேண்டி வரும். அப்போது கணக்குப் பார்க்கக் கூடாது.

முதலில் அம்மா சொன்னதை எடுத்துக்கொள்வோம், அதில் விஷயம் இருக்கிறது. ராயபுரத்துப் பூனை காசிமேட்டு மீன் தலையை மட்டும் தின்று வளர்வதில்லை. எலி பிடிக்கிறது, பல்லி பிடிக்கிறது, நாலு வீட்டுக் கொல்லையில் நாலு விதமாகத் தின்கிறது. பூனைக்கு டாரின் என்ற சத்து இறைச்சியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும், எலியின் உடம்பில் அது நிறைய உண்டு. டாரின் குறைந்தால் பூனையின் இதயத் தசை தளர்ந்துபோகும் என்பதைக் கலிபோர்னியாவில் ஆய்வாளர்கள் 1987-இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் நிறுவனங்கள் தீனியில் அதைக் கூட்டிச் சேர்த்தன. உங்கள் பூனை அபார்ட்மென்ட்டின் நாலு சுவருக்குள் இருக்கிறது. நீங்கள் கிண்ணத்தில் போடுவதைத் தவிர அதற்கு உலகத்தில் வேறு சாப்பாடே இல்லை. அதனால் அந்தப் பையில் எல்லாச் சத்தும் இருந்தாக வேண்டும். மீனை மட்டுமே போட்டு வளர்த்தால் இங்கே அது நோயாளியாகிவிடும். எண்ணெய் மீனையே தொடர்ந்து தின்னும் பூனைக்கு வைட்டமின் ஈ குறைந்து கொழுப்பு அழற்சி வரும். சில மீன்களைப் பச்சையாகப் போட்டால் அவற்றிலுள்ள ஒரு நொதி வைட்டமின் பி1-ஐ அழித்துவிடும்.

எல்லாச் சத்தும் இருக்கிறதா என்பதைப் பையின் முன்பக்கம் சொல்லாது. பிரீமியம், சூப்பர் பிரீமியம், கோர்மே போன்ற சொற்களுக்குச் சட்டத்தில் எந்த வரையறையும் கிடையாது, யாரும் போட்டுக்கொள்ளலாம். பின்பக்கம் பொடி எழுத்தில் ‘ஆஃப்கோ’ (AAFCO) என்ற, தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கும் அமெரிக்க அமைப்பின் பெயரோடு ஒரு வரி இருக்கும். அதில் ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ (எல்லாச் சத்தும் சரியான அளவில் உள்ளது) என்றும், எந்த வயதுக்கு என்றும் இருக்க வேண்டும். வளர்ந்த பூனைத் தீனியில் ஈரத்தைக் கழித்துப் பார்த்தால் குறைந்தது 26 சதவீதம் புரதம் வேண்டும் என்பது அவர்கள் அளவு, குட்டிகளுக்கு 30. ‘இன்டர்மிட்டன்ட் ஆர் சப்ளிமென்டல்’ என்று போட்டிருந்தால் அது கொறிக்கக் கொடுப்பதற்கு மட்டும்தான். அழகான சின்ன டப்பாவில் வரும் விலை உயர்ந்த டூனா வகைகள் பலவற்றில் இந்த வரிதான் இருக்கிறது. அதையே மூன்று வேளையும் போட்டு, நல்ல சாப்பாடு கொடுக்கிறோம் என்று நம்பும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்கு வேதனையாக இருக்கிறது. பெயரையும் கவனியுங்கள்: ‘டூனா டின்னர்’ என்றால் டூனா 25 சதவீதம் இருந்தால் போதும், ‘வித் டூனா’ என்றால் 3 சதவீதமே போதும்.

கடைப் பெண் ‘பை-ப்ராடக்ட்’ இல்லாத பைதான் நல்லது என்றாராமே. அது என்ன என்று நம் ஊர்க்காரருக்குச் சொன்னால் உடனே புரியும்: ஈரல், நுரையீரல், சுவரொட்டி, குடல். புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து வருவதை வாங்கி, மிளகு தட்டிப் போட்டு நாம் ஆசையாகத் தின்பது. கொம்பு, குளம்பு, பல், முடி இதில் சேராது. இரையைப் பிடித்த பூனை சதையோடு ஈரல் போன்ற உள்ளுறுப்புகளையும் சேர்த்தே தின்னும். ‘வெறும் சதை மட்டும்’ என்பதற்காக இருபது டாலர் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமே இல்லை.

தானியம் இல்லாத ‘க்ரெய்ன் ஃப்ரீ’ பைகளும் அப்படித்தான். தானியத்துக்குப் பதில் பட்டாணியும் பருப்பும் நிறையச் சேர்த்த நாய்த் தீனிகளுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரிக்கத் தொடங்கியது. காரணம் இதுதான் என்று நிரூபணமாகவில்லை. ஆனாலும் மருத்துவர் சொல்லாமல் அதை வாங்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை. விலை கூடிய பை என்பதால் ஆபத்து இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007-இல் மெலமைன் என்ற தொழிற்சாலை ரசாயனம் கலந்த க்ளூட்டனால் (கோதுமைப் புரதம்) நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தபோது, ஒரே தயாரிப்பாளரிடமிருந்து மலிவுப் பெயரிலும் உயர்ந்த பெயரிலும் போன தீனிகள் திரும்பப் பெறப்பட்டன.

இனி செலவு. இங்கே வந்த புதிதில் எல்லோரும் டாலரை ரூபாயால் பெருக்கிக்கொண்டே இருப்போம். தீனி விஷயத்தில் பையின் விலையை விட்டுவிட்டு ஒரு நாள் செலவைப் பாருங்கள். ஒரு பேச்சுக்கு: 3 கிலோ பை 30 டாலர், கிலோவுக்கு 3,500 கலோரி. இன்னொரு 3 கிலோ பை 45 டாலர், கிலோவுக்கு 4,200 கலோரி. உங்கள் பூனைக்கு நாளுக்கு 210 கலோரி என்று வைத்தால், முதல் பை 50 நாள் வரும், இரண்டாவது 60 நாள் வரும். அதாவது நாளுக்கு 60 சென்ட், 75 சென்ட். பை விலை ஒன்றரை மடங்கு, தினச் செலவு கால்பங்குதான் கூடுதல். இப்படிப் போட்டுப் பார்த்தால் சில விலை கூடிய பைகள் நியாயமாகத் தெரியும், சில மலிவுப் பைகள் மலிவே இல்லை என்றும் தெரியும்.

எந்தப் பை என்பதைவிட எத்தனை கிராம் என்பது முக்கியம். லாப்ரடார் நாய்கள் 48-ஐ வைத்து ஒரு தீனி நிறுவனம் வாழ்நாள் முழுக்கச் செய்த ஆய்வு 2002-இல் வெளியானது. ஒரே தீனி, பாதி நாய்களுக்கு மட்டும் 25 சதவீதம் குறைத்துப் போட்டார்கள். குறைவாகத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 1.8 வருடம் கூடியது. எந்த பிரீமியம் பையும் இப்படி ஒரு கணக்கைக் காட்டி நான் பார்த்ததில்லை. சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள், கிண்ணத்தை நிரப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போகாதீர்கள்.

காசு பார்க்கக் கூடாத இடம் நோய். உங்களுடையது ஆண் பூனை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆண் பூனைக்குச் சிறுநீர்ப் பாதை மிகக் குறுகல்; அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும். மண் பெட்டியில் போய்ப் போய் முக்கிக்கொண்டு, சொட்டுச் சொட்டாகப் போனால் அன்று இரவே அவசர மருத்துவமனைக்கு ஓடுங்கள், விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அப்போது மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தீனி விலை அதிகம்தான், ஆனால் அது வேலை செய்யும். ஸ்ட்ருவைட் வகைக் கல்லை அது கரைத்தே விடும், ஆக்சலேட் வகையைக் கரைக்காது. சிறுநீரகம் பழுதான பூனைக்கும் மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தீனி உதவும். நோய் வராதபோது, காய்ந்த தீனியோடு தினம் கொஞ்சம் டின் உணவும் கொடுங்கள். அதில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், பூனையோ தானாகத் தண்ணீர் அதிகம் குடிக்காது. பிரீமியம் பையில் மிச்சமாகும் காசை இந்த அவசரத்துக்கென்று தனியாக எடுத்து வையுங்கள். இங்கே ஓர் இரவு அனுமதித்தாலே ஆயிரக்கணக்கில் பில் வரும்.

அம்மாவின் நாய்க்கு இங்கிருந்து எதுவும் அனுப்பாதீர்கள். விலங்குப் பொருள் சேர்ந்த தீனிக்கு இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு. அப்படியே போய்ச் சேர்ந்தாலும், தண்டையார்பேட்டைக் கடல் காற்றில் திறந்த பை சீக்கிரம் நமத்துச் சிக்கு வாடை அடிக்கும், எறும்பும் மொய்க்கும். நாய், பூனை மாதிரி இல்லை. மனிதரோடு வாழ்ந்து மாவுச்சத்தைச் செரிக்கப் பழகிய பிராணி. அம்மா வடிக்கும் சோற்றில் வெந்த கோழியும் முட்டையும் போட்டால் நன்றாகவே தின்னும். ஆனால் சோறும் கறியும் மட்டும் என்றால் சுண்ணாம்புச் சத்து போதாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை கூட்டிப்போகச் சொல்லுங்கள், 1903-இல் தொடங்கிய இடம், நம் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் போவது அங்கேதான். என்ன சேர்க்கலாம் என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம், வெறிநாய்த் தடுப்பூசியையும் கையோடு போட்டுவிடலாம். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு, பிரியாணி மிச்சம், வெந்த கோழி எலும்பு, திராட்சை, இவை நான்கும் வேண்டவே வேண்டாம் என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். அனுப்ப நினைத்த காசை அம்மாவின் கையில் கொடுங்கள், ஊசிக்கும் ஆட்டோவுக்கும் ஆகும்.

நீங்கள் இப்போது பார்த்து வைத்திருக்கும் இரண்டு பைகளின் பின்பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். பூனையின் எடையையும் எழுதுங்கள், கணக்குப் போட்டு எது என்று சொல்கிறேன்.