க்ளெமாட்டிஸ் கொடியை மார்ச்சில் வெட்டியதால்தான் பூக்கவில்லையா?

"போன மார்ச்சில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினேன், அந்த வருடம் ஒரு பூகூட இல்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கிலாந்துத் தோட்டங்களில் இது அடிக்கடி நடப்பதுதான். கொடிக்கு நோய் எதுவும் இல்லை. பூக்க வேண்டிய தண்டையே வெட்டிவிட்டீர்கள்.

ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, எந்த மாதம் பூக்கிறது என்று பாருங்கள். மான்டானா போல வசந்தத்தில் பூப்பவை போன வருடத்துத் தண்டில் பூக்கும். உங்களுடையது அநேகமாக இதுதான். பூ உதிர்ந்த பிறகுதான் வெட்ட வேண்டும்.

ஜாக்மனி, விட்டிசெல்லா நேர் எதிர். கோடையில், அந்த வருடத்துத் தளிரில் பூப்பவை. பிப்ரவரி கடைசியில் தரையிலிருந்து 30 செ.மீ. விட்டு மொத்தத்தையும் வெட்டலாம். மனசு கேட்காது, ஆனாலும் வெட்டுங்கள். இல்லாவிட்டால் பூவெல்லாம் உச்சியில் பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு, நமக்குக் கீழே வெறும் தண்டு.

நெல்லி மோசர் மாதிரி மே, ஜூனில் பெரிய பூ விடுபவற்றுக்கு லேசான கவாத்து போதும். காய்ந்த சுள்ளி போலத் தெரியும் தண்டை உச்சியிலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். கணுவின் இரு பக்கமும் எதிரெதிராகக் கொழுத்த மொட்டுகள் தெரியும். அதற்குச் சற்று மேலே வெட்டுங்கள். அப்புறம், வெட்டியதைப் பிடித்து இழுக்காதீர்கள். இலைக்காம்புகள் கம்பியைச் சுற்றிப் பிடித்திருக்கும், இழுத்தால் இளந்தளிர் முறியும்.

இந்த வருடம் உங்கள் கொடியைத் தொடாமல் விடுங்கள்.