கெமிக்கல் கம்பெனியில் மாஸ்க், ஹெல்மெட் கொடுத்தால் போதும்தானே?

கேட்டிருப்பது இது: "கங்கைகொண்டான் பக்கம் ஸ்பெஷாலிட்டி கெமிக்கல் கம்பெனி ஒன்றில் புரொடக்ஷன் வேலை கிடைத்திருக்கிறது. தயோனைல் குளோரைடு எல்லாம் ஓடுமாம். ஆபத்தை எப்படிச் சமாளிக்கிறார்கள்? மாஸ்க், ஹெல்மெட் கொடுத்தால் போதும்தானே?"

போதாது தம்பி. மற்ற எல்லாம் கைவிட்ட பிறகு வாசல் வரை ஓடுவதற்குத்தான் மாஸ்க். அதுவும் துணி மாஸ்க் என்றால் அதற்கும் ஆகாது.

புரொடக்ஷன் என்பதால் ஷிப்டில், ஒரு கிளாஸ் லைன்டு ரியாக்டர் (உள்ளே கண்ணாடி பூசிய இரும்புக் கலன்) முன்னால் நிற்கப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தயோனைலை, அதாவது தயோனைல் குளோரைடு என்ற அரிக்கும் திரவத்தை, நீங்களே சொல்லிவிட்டதால் அதை வைத்தே எழுதுகிறேன். "எங்க பிளான்ட்ல பாஸ்ஜீனே (அதைவிடக் கொடிய விஷவாயு) ஓடுது, தயோனைல் எல்லாம் ஒரு விஷயமா" என்று கீழே கமென்ட்டில் வரப்போகிறவர்களுக்கு இந்தப் பதில் இல்லை. கணக்குகளும் தோராயம்தான். உங்கள் பேட்சுக்கு (ஒரு தடவை ஓட்டும் சரக்குக்கு) உங்கள் ஆர் அண்டு டி கொடுத்த எண்தான் செல்லும்.

அமிலத்தை ஆசிட் குளோரைடாக மாற்றத் தயோனைல் ஊற்றுவார்கள். ஒரு கிலோ தயோனைல் வேலை செய்து முடிக்கும்போது சல்பர் டையாக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடுமாக 420 லிட்டர் வாயு வெளியே வரும். ஒரு டிரம் 300 கிலோ என்றால் 125 கன மீட்டர். ஐந்து மணி நேரத்தில் நிதானமாக ஊற்றினால் மணிக்கு 25 கன மீட்டர், ஸ்கிரப்பர் (வாயுவைக் காஸ்டிக் சோடாக் கரைசலால் கழுவும் கோபுரம்) அதை அமைதியாக விழுங்கிவிடும். ஊற்றியதில் பாதி வேலை செய்யாமல் உள்ளேயே கிடந்து, பிறகு கால் மணி நேரத்தில் ஒன்றாகக் கிளம்பினால் அதே வாயு பத்து மடங்கு வேகத்தில் வரும். ரப்ச்சர் டிஸ்க் (அழுத்தம் மிஞ்சினால் கிழியும் பாதுகாப்புத் தகடு) கிழியும், அல்லது மேன்ஹோல் மூடியின் கேஸ்கட் வழியாக வாயு பிளான்டுக்குள் வரும். நான் முதலில் பயப்படுவது இந்தத் தேக்கத்துக்குத்தான்.

ஏன் தேங்குகிறது? பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, ரியாக்டர் சூடு ஏறாமலேயே டோசிங்கை (தயோனைலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதை) திறப்பது. பேட்ச் ஷீட் 60 டிகிரி கேட்கும், உள்ளே 35 இருக்கும், ஷிப்ட் முடியப் போகிறது என்று ஊற்றுவார்கள். இரண்டு, வினையைத் தூண்டச் சேர்க்கும் துளி டி.எம்.எஃப்.பை (டைமெத்தில் ஃபார்மமைடு) மறந்துவிடுவது. வாயு வரவில்லையே என்று பாதி டோசிங்குக்கு மேல் ஞாபகம் வந்து, "அண்ணாச்சி, இப்பம் போட்டுருதேன்" என்று அப்போது சேர்ப்பதுதான் மோசமான தவறு. டோசிங் ஓடியும் ஸ்கிரப்பர் பக்கம் வாயு வரவில்லை என்றால் வால்வை மூடுங்கள். ஸ்டீமைக் கூட்டாதீர்கள், எதையும் சேர்க்காதீர்கள், மேலே சொல்லுங்கள். பேட்ச் கெட்டால் கெடட்டும்.

தயோனைலில் வாயுதான் எமன். வேறு வினைகளில் சூடே எமன். ஒரு லிட்டர் குடுவையில் சாதுவாக இருப்பது 5,000 லிட்டரில் அப்படி இருக்காது. கொள்ளளவு 5,000 மடங்கு ஏறும்போது, ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் குளிர்விக்கும் பரப்பு ஏறத்தாழ 17-ல் ஒரு பங்காகிவிடும். 2007 டிசம்பரில் அமெரிக்காவின் ஜாக்சன்வில்லில் டி2 (T2) லேபரட்டரீஸ் ஆலை வெடித்து நான்கு பேர் இறந்தார்கள். சோடியம் உலோகம் போட்ட வினை. குளிர்விப்பு தவறியபோது மாற்று வழி இல்லை. அதற்கு முன்பு எத்தனையோ பேட்ச் அதே ரியாக்டரில் நல்லபடியாக ஓடியிருந்தது. "நூறு பேட்ச் ஓட்டிட்டோம்ல" என்பவரிடம் இதைச் சொல்லலாம்.

அடுத்து தண்ணீர். ஒரு லிட்டர் தண்ணீர் தயோனைலோடு முழுதாகச் சேர்ந்தால் 4,000 லிட்டருக்கு மேல் வாயு. ஒரு குடம் உள்ளே போனால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். யாரும் குடத்தில் கொண்டுவந்து ஊற்றப்போவதில்லை. கண்டன்சர் (ஆவியைக் குளிர்விக்கும் கருவி) குழாய் ஓட்டை வழியாக வரும், கழுவிவிட்டுச் சரியாகக் காய வைக்காத லைனில் நின்றிருக்கும், கண்ணாடிப் பூச்சு சில்லுப்போன ரியாக்டரில் ஜாக்கெட்டிலிருந்து (வெளியே சுற்றித் தண்ணீர் ஓடும் உறையிலிருந்து) வரும். பூச்சு போன இடத்தில் அமிலம் இரும்பைத் தின்னும். முழுதாக ஓட்டை விழுந்த பிறகு ஜாக்கெட் தண்ணீரில் அமிலம் ஏறும். அதனால் சுற்றிவரும் தண்ணீரின் பி.ஹெச்.சை (அமிலத்தன்மை அளவை) ஷிப்டுக்கு ஒருமுறை பாருங்கள், ஒரு பேப்பர் துண்டு போதும். ஆனால் அது ஓட்டை விழுந்ததைத்தான் சொல்லும், விழப்போவதைச் சொல்லாது. பூச்சைக் குறித்த காலத்தில் ஸ்பார்க் டெஸ்ட் (மின்பொறியால் பூச்சின் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் சோதனை) எடுத்தே ஆகவேண்டும்.

மழையும் இதே கணக்குதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அதை வைத்து டிரம் யார்டைப் பாருங்கள். நிறைந்த தயோனைல் டிரம் மிதக்காது, தண்ணீரை விட அவ்வளவு கனம். பாதி காலியானது மிதக்கும், சாயும், மூடி தளர்ந்திருந்தால் தண்ணீர் குடிக்கும். டொலுயின் (எளிதில் தீப்பிடிக்கும் கரைப்பான்) டிரம் நிறைந்திருந்தாலும் மிதந்து போய் எங்காவது மோதும். பாதி டிரம்மை நைட்ரஜன் விட்டு மூடி, உயரமான மேடையில், கூரைக்கடியில் வையுங்கள்.

மின்வெட்டு. ஜெனரேட்டர் சில விநாடிகளில் எடுத்துவிடும் என்பார்கள். எடுக்கும். ஆனால் கரண்ட் போனதும் கான்டாக்டர் (மோட்டாரின் மின் ஸ்விட்ச்) விழுந்த ஸ்கிரப்பர் பம்பும் புளோவரும் (வாயுவை இழுக்கும் விசிறியும்) தானாக ஓடாது, ஒருவர் போய் அழுத்தவேண்டும். அதற்குள் தயோனைல் சொட்டிக்கொண்டே இருந்தால்? டோசிங் வால்வு, அதை இயக்கும் அழுத்தக் காற்று போனால் தானாக மூடிக்கொள்ளும் வகையாக இருக்கவேண்டும். பம்ப், புளோவர், அஜிடேட்டர் (ரியாக்டரைக் கலக்கும் துடுப்பு) மூன்றில் எது நின்றாலும் மூடவேண்டும். பம்புக்குப் பச்சை விளக்கு எரிவதை நம்பாதீர்கள். ஸ்டிரெய்னர் (குழாயில் உள்ள வடிகட்டி) அடைத்தாலும் விளக்கு எரியும். கரைசல் உண்மையில் ஓடுகிறதா என்று காட்ட லைனில் ஃப்ளோ ஸ்விட்ச் வேண்டும். கரண்ட் வந்ததும் பம்ப், பிறகு புளோவர். அஜிடேட்டரை உடனே போட்டுவிடக் கூடாது. நின்ற நேரத்தில் ஊற்றியது தனி அடுக்காக நின்றிருந்தால், கலக்கியதும் மொத்தமும் ஒரே மூச்சில் கிளம்பும். எவ்வளவு ஊற்றியது, எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்து, சூப்பர்வைசர் சொன்ன பிறகு அஜிடேட்டரை நிறுத்தி நிறுத்தி ஓட்டவேண்டும். டோசிங் கடைசியில்.

ஸ்கிரப்பருக்கு ஒரு எளிய கணக்கு: கிலோ தயோனைலுக்கு ஒரு கிலோ காஸ்டிக். 300 கிலோவுக்கு 10 சதவீதக் கரைசல் 3,000 கிலோ. பேட்சில் கூடுதலாகப் போட்ட தயோனைலைக் கடைசியில் தண்ணீரில் அழிப்பார்கள் என்றால் இன்னும் வேண்டும். டேங்க் சின்னது என்று கரைசலைக் கெட்டியாகப் போட்டால் உப்பு படிந்து ஸ்கிரப்பருக்குள் இருக்கும் பேக்கிங் (வாயுவும் கரைசலும் கலக்க நிரப்பிய துண்டுகள்) அடைக்கும், அப்போது ரியாக்டரில் பிரஷர் ஏறும். பி.ஹெச். 9-க்குக் கீழே போனால் டோசிங்கை நிறுத்திக் கரைசலை மாற்றுங்கள்.

டொலுயின் பற்றிச் சுருக்கமாக. 30 டிகிரியில் மூடிய டேங்குக்குள் டொலுயின் ஆவி 5 சதவீதம் அளவில் நிற்கும், பற்றக்கூடிய எல்லை 1.1 முதல் 7.1 வரை. நம்மூர் வெயிலில் அது எப்போதும் தீக்குச்சிக்குக் காத்திருக்கிறது. தீப்பிடிக்காமல் இருக்க, ரியாக்டரில் நைட்ரஜனை ஒரு பார் (ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) ஏற்றி இறக்கினால் ஆக்சிஜன் பாதியாகும்: 21, 10.5, 5.2, 2.6. மூன்று முறை. அதன்பின் மேன்ஹோலைத் திறந்து பிளாஸ்டிக் பையிலிருந்து பவுடரைக் கொட்டினால் செய்ததெல்லாம் வீண், ஸ்டாட்டிக் பொறியும் இலவசம்.

சட்டப்படி பெரிய ஆபத்து ஆலைகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாக் டிரில் (விபத்து ஒத்திகை) நடத்தவேண்டும். நடத்துகிறார்கள், காலை 11 மணிக்கு, ஜெனரல் ஷிப்டில், போட்டோவோடு. ராத்திரி இரண்டு மணிக்கு நாலு பேர் இருக்கும்போது நடத்தினால்தான் யாருக்கு என்ன தெரியும் என்று தெரியும். மார்ச் 4 பாதுகாப்பு தினத்துக்குக் கோலப்போட்டி வேறு. பாளையங்கோட்டையில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த பையனை டிரெய்னி என்ற பெயரில் வருடக்கணக்காகக் கான்டிராக்டில் வைத்து, டீக்காசும் காணாத சம்பளம் கொடுத்து, பேட்ச் ஷீட்டில் மட்டும் அவன் கையெழுத்தை வாங்குகிறார்கள். இதைக் கேள்வி கேட்டவர் கேட்கவில்லைதான். ஆனாலும் எழுதியாச்சு.

அசெம்பிளி பாயின்ட் (ஆபத்தில் எல்லோரும் கூடவேண்டிய இடம்) எங்கே என்று முதல் நாளே பாருங்கள். ஆனி ஆடியில் இங்கே மேல்காற்று பேயாக வீசும். அப்போது ஆலைக்குக் கிழக்கே போய் நிற்பவர்கள் வாயுவுக்குள்ளேயே நிற்பார்கள். ஐப்பசி கார்த்திகையில் காற்று திரும்பிவிடும். அதனால் இரண்டு திசையில் இரண்டு இடம் வேண்டும், ராத்திரியும் கண்ணுக்குத் தெரிகிற, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை வேண்டும். சல்பர் டையாக்சைடு காற்றை விட இரண்டு மடங்கு கனம். காற்றுக்குக் குறுக்கே நடந்து விலகி, மேட்டுப் பக்கம் போங்கள். பள்ளத்திலும் கேபிள் டிரெஞ்சிலும் ஒதுங்காதீர்கள். விழுந்து கிடப்பவரைத் தூக்க, முதுகில் மூச்சுக்காற்று சிலிண்டர் இல்லாமல் யாரும் உள்ளே போகக் கூடாது.

சேஃப்டி ஷவரில் 15 நிமிடம் நிற்கவேண்டும் என்று போர்டு இருக்கும். அந்தத் தண்ணீர் வரும் ஜி.ஐ. பைப் மொட்டை வெயிலில் போகிறதா என்று பாருங்கள். சித்திரை மாதம் மதியம் இரண்டு மணிக்குத் திறந்து கையை நீட்டினால் தெரியும், கொதிக்கும். அமிலம் பட்டவன் அதில் 15 விநாடிகூட நிற்கமாட்டான். பைப்பை மண்ணுக்கடியில் இறக்கவேண்டும், இல்லையென்றால் இன்சுலேஷன் சுற்றி, மேலே உள்ள தொட்டிக்கும் நிழல் போடவேண்டும்.