இன்வர்ஸ் எடுக்காதீர்கள்

வணக்கம் சார்,

ரேடியோ சிக்னலை மென்பொருளில் கையாளும் குனு ரேடியோவில் சொந்தமாக ஒரு பிளாக் எழுதிக்கொண்டிருக்கிறேன், சி++இல். நான்கு ஆன்டெனா. சிக்னல் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று கேப்பான் முறையில் கண்டுபிடிக்க வேண்டும். அணிக் கணக்குக்கு ஐகன், ஆர்மடில்லோ இரண்டு லைப்ரரியையும் போட்டுப் பார்த்தேன். ஒரே டேட்டாவுக்கு இரண்டும் வேறு வேறு விடை தருகின்றன. சில சமயம், திசைவாரியாகப் பவரைக் காட்டும் வரைபடமும் நடுவில் அறுந்துவிடுகிறது. நேராக லாபேக் என்ற அணிக் கணக்கு லைப்ரரிக்கே போய்விடலாமா? வேகம், லைசென்ஸ், வசதி எல்லாவற்றையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை இணைத்திருக்கிறேன். எதை எடுக்கலாம்?

ம.

அன்புள்ள ம.,

அட்டவணையைத் திறந்தேன். பதினான்கு வரிசை, கலர் கலராக. இதைப் போட்ட ராத்திரியில் டேட்டாவை ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் எனக்குக் கடிதமே வந்திருக்காது.

கேட்டதற்கு முதலில் பதில். ஐகன் போதும். வெறும் ஹெட்டர் கோப்புகள், லிங்க் செய்யும் தலைவலி இல்லை. அளவை 4×4 என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் வொர்க் ஃபங்ஷனுக்குள் அணிக்காக மெமரி கேட்டு நிற்காது. ஓபன்பிளாஸ் என்ற வேகக் கணக்கு லைப்ரரியைச் சேர்ப்பதென்றால் அதன் த்ரெட் எண்ணிக்கையை ஒன்றாக்குங்கள்; குனு ரேடியோ ஏற்கெனவே பிளாக்குக்கு ஒரு த்ரெட் ஓட்டுகிறது, இரண்டும் சேர்ந்தால் கோர்களுக்குள் அடிதடிதான். லைசென்ஸ் பற்றி இப்போது என்ன கவலை? பிளாக் முதலில் ஓடட்டும்.

‘வரைபடமும் அறுந்துவிடுகிறது’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைத்தான் நான் நாலு தடவை படித்தேன். அதே வரைபடம் எனக்கும் அறுந்திருக்கிறது.

முதல் வேலை. மொட்டை மாடியில் நான்கு ஆன்டெனா, கூப்பிடு தூரத்தில் ஒரு எஃப்எம் டவர். வரைபடம் நொடிக்கொரு தரம் விட்டுவிட்டு வந்தது. கேபிள்மேல் சந்தேகப்பட்டேன். நான்கு கனெக்டரையும் வெட்டி எறிந்துவிட்டு வெயிலில் உட்கார்ந்து புதிதாகப் போட்டேன். இரண்டு வாரம் போனது. சீனியர் மேடம் ஒருவர் என் பின்னால் வந்து நின்று, “ஐகன் மதிப்பெல்லாம் அச்சடிச்சுப் பார்த்தியா?” என்றார். இந்த ஐகன் அந்த லைப்ரரி இல்லை; ஆன்டெனா சாம்பிள்களைப் பெருக்கிக் கூட்டிக் கட்டும் 4×4 அணிக்குள் பவர் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று காட்டும் நான்கு எண்கள். அச்சடித்தேன். முதல் எண் நான்கு கோடிக்குப் பக்கத்தில். அடுத்த இரண்டும் சின்ன எண்கள். நான்காவது மைனஸில் நின்றது. மேடம் அந்த மைனஸ்மேல் பேனா நுனியை வைத்தார். “இது பவர்தானே? ஈ.பி. மீட்டர் பின்னால ஓடுமா தம்பி?”

உங்களுக்கும் இதுவேதான் நடந்திருக்கும். இரைச்சலைவிட 60 டெசிபெல் மேலே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது என்று வையுங்கள். பவரில் பத்து லட்சம் மடங்கு. நான்கு ஆன்டெனாவும் சேரும்போது பெரிய ஐகன் மதிப்புக்கும் சின்னதற்கும் நாற்பது லட்சம் மடங்கு வித்தியாசம். ஃப்ளோட் என்ற எண் வகைக்கு இருப்பதே சுமார் ஏழு இலக்கம். அதில் ஆறரை இங்கேயே கரைந்துவிட்டது. மிச்சத்தை வைத்து இன்வர்ஸ், அதாவது அணியின் நேர்மாறு, எடுத்தால் ஐகன் ஒரு குப்பையைத் தரும், ஆர்மடில்லோ வேறொரு குப்பையைத் தரும். கணக்குப் போடும் வரிசை வேறு, அதனால் குப்பையும் வேறு. அந்தக் குப்பையில் பவர் மைனஸாகி, நீங்கள் டெசிபெல்லுக்காக லாக் எடுத்தால், வருவது ‘நான்’ (NaN). நானும் நீங்களும் இல்லை, எண்ணே அல்லாத நான். வரைபடம் அங்கேதான் அறுகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் இணைக்காரணி கண்டு, சேர்ப்பு அணி எழுதி, அணிக்கோவையால் வகுத்து நேர்மாறு கண்டோமே, அளவு 4×4 வரை ஐகனின் இன்வர்ஸும் அதே இணைக்காரணி வழியில்தான் போகிறது. அதே பாடத்தில் காஸியன் நீக்கல் முறையும் இருந்தது. அதை விட்டுவிட்டு நேர்மாறை மட்டும் கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். கேப்பான் சூத்திரத்தில் அந்த 4×4 அணிக்கு, அதாவது ஆர்-க்கு, தலையில் மைனஸ் ஒன்று போட்டிருந்தால், ‘இந்தச் சமன்பாட்டைத் தீர்’ என்று படிக்க வேண்டும். கேப்பான் 1969இல் எழுதியதை நீங்கள் எழுத்துக்கு எழுத்து டைப் அடித்திருக்கிறீர்கள்.

இன்வர்ஸுக்குப் பதில் சோலெஸ்கி. அவர் ஒரு பிரெஞ்சு ராணுவ அதிகாரி. நில அளவைக் கணக்குகளைக் கையால் போட்டுத் தீர்க்கக் கண்டுபிடித்த வழி அது. 1918இல் போரில் செத்துப்போனார், முறை அச்சேறியது 1924இல். அணியை ஒரு முக்கோண அணியாக உடைக்கிறோம். பிறகு கேப்பானுக்கு வேண்டிய அந்த எண் ஒரு நீளத்தின் வர்க்கமாகவே கிடைக்கும். வர்க்கத்துக்கு மைனஸ் ஏது? அணி ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் உடைக்கும்போதே ‘முடியவில்லை’ என்று சொல்லிவிடும். ஐகனின் இன்வர்ஸ் வாயே திறக்காது.

இன்னும் நல்லது, அந்த 4×4 அணியைக் கட்டவே கட்டாமல் இருப்பது. சாம்பிள்களைப் பெருக்கிக் கூட்டி அணியாக்கும்போதுதான் வித்தியாசமும் வர்க்கமாகிறது. சாம்பிள்களில் அது வெறும் இரண்டாயிரம் மடங்கு. அவற்றை அப்படியே க்யூஆர் என்ற அணி உடைக்கும் முறையில் உடைத்தால் அதே முக்கோணம் கிடைக்கும். ஏழு இலக்கத்தில் மூன்று சொச்சம்தான் போகும். இதற்கு லைப்ரரி மாற்ற வேண்டாம், ஐகனிலேயே இருக்கிறது.

இலக்கம் அதிகமுள்ள டபுள் எண் வகைக்கு மாறினால் போதாதா என்று கேட்பீர்கள். போதும், இந்த ஸ்டேஷனுக்கு.

கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் அட்டவணைதான் போட்டீர்கள், நான் நான்கு நல்ல கனெக்டரை வெட்டி எறிந்தவன். இன்று ராத்திரி அந்த நான்கு ஐகன் மதிப்புகளையும் அச்சடித்து அனுப்புங்கள்.