டிஸ்க்: கடைசி எழுத்து கேயா, சியா?

கேள்வி: கணினி உதிரிப்பாகக் கடை வைத்திருக்கிறேன். புது விலைப்பட்டியல் அச்சடிக்கப் போகிறோம். டிஸ்க் என்பதை ஆங்கிலத்தில் கே போட்டு முடிக்க வேண்டும் என்கிறார் ஒருவர், சி என்கிறார் இன்னொருவர். ஜிபி என்பதில் எது பெரிய எழுத்து, எது சின்ன எழுத்து என்றும் குழப்பம். 1 டிபி வாங்கிப் போனவர்கள், 931 ஜிபிதான் காட்டுகிறது என்று திரும்ப வந்து நிற்கிறார்கள். பட்டியலைத் தமிழிலும் போடுகிறோம். வன்வட்டா, வன்தட்டா?
வாசகர், ஈரோடு

பதில்: இவை எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவலைப்பட வேண்டாம். கேயா சியா என்பது பழக்கம். மாற்றி எழுதினாலும் வாடிக்கையாளருக்குப் புரிந்துவிடும். பி பெரியதா சின்னதா என்பது அப்படியல்ல. அதை மாற்றினால் அளவே எட்டு மடங்கு மாறிவிடும். அச்சுப்படி திருத்தும்போது முதலில் அங்கே பாருங்கள்.

பழக்கத்தை முதலில் முடித்துவிடலாம். காந்தத்தில் பதிகிற வட்டுக்கு கே, ஒளியால் படிக்கிற வட்டுக்கு சி. ஹார்ட் டிஸ்க், ஃபிளாப்பி டிஸ்க், டிஸ்கெட் மூன்றும் கே. சிடி, டிவிடி, புளூ-ரே மூன்றும் சி. ஆப்பிள் நிறுவனமும் தன் உதவிக் குறிப்பில் இப்படித்தான் பிரித்துச் சொல்கிறது. புளூ-ரே எழுதும்போது ஒன்று கவனியுங்கள்: நிறத்தைக் குறிக்கும் சொல்லின் கடைசியில் வருகிற ஈ அந்தப் பெயரில் கிடையாது. பல கடைகளின் பட்டியலில் அந்த எழுத்து தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்பதற்குப் பலரும் சொல்லும் பதில், பிரிட்டிஷ் ஆங்கிலம் சி, அமெரிக்க ஆங்கிலம் கே என்பது. அது பாதிதான் சரி. வேர்ச்சொல் கிரேக்கத்தின் டிஸ்கோஸ், அதாவது விளையாட்டில் வீசும் எறிதட்டு. அது லத்தீனில் டிஸ்கஸ் ஆனது. சாப்பாட்டுத் தட்டைக் குறிக்கும் டிஷ்ஷும், எழுதும் மேசையான டெஸ்க்கும் அதே வேரின் கிளைகள்தாம். ஆங்கிலத்தில் கே வடிவம் 17ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. லத்தீனைப் பார்த்து சி போட்டு எழுதுவது அதற்குப் பிந்தையது. போகப்போக பிரிட்டன் சி பக்கமும் அமெரிக்கா கே பக்கமும் சாய்ந்தன.

1956இல் ஐபிஎம் நிறுவனம் ராமாக் 305 கணினியை அறிவித்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் உருவான அதன் சேமிப்பகத்தில் 24 அங்குல விட்டம் கொண்ட 50 வட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுழன்றன. மொத்தக் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அமெரிக்க நிறுவனம் என்பதால் கே போட்டது. உலகமும் அதையே எடுத்துக்கொண்டது. 1982இல் ஃபிலிப்ஸும் சோனியும் காம்பாக்ட் டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது சி போட்டன. இசைத்தட்டுக்கு அமெரிக்காவிலும் சி எழுதும் வழக்கம் நிறையவே இருந்தது. டிஸ்க் ஜாக்கி என்ற பெயர் அதற்குச் சாட்சி. அதனால் நாட்டைவிட, கணினித் தொழிலிலிருந்து வந்ததா, இசைத் தொழிலிலிருந்து வந்ததா என்று பார்ப்பதே பொருந்தும். 1980களில் பிரிட்டனின் ஏகார்ன் நிறுவனம் ஃபிளாப்பிக்கும் சி போட்டே எழுதியது. பழைய பிரிட்டிஷ் புத்தகத்தில் அப்படிப் பார்த்தால் பிழை என்று அடித்துவிடாதீர்கள்.

டிஸ்க் வேறு, டிரைவ் வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். சுழலுகிற வட்டு டிஸ்க். அதைச் சுழற்றிப் படித்து எழுதும் கருவி டிரைவ். ஃபிளாப்பி காலத்தில் டிஸ்க் பையில் போகும், டிரைவ் கணினியிலேயே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கில் இரண்டும் ஒரே பெட்டிக்குள் மூடப்பட்டதால் பெயர்களும் கலந்துவிட்டன. எஸ்எஸ்டிக்குள் வட்டே கிடையாது, சில்லுகள்தாம். அதன் கடைசி டி, டிரைவைக் குறிக்கிறது. ஆகவே ‘எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்’ என்று அச்சிடாதீர்கள். கவுண்டரில் வாய்ப்பேச்சில் அப்படி வந்தால் போகட்டும். காசு கொடுத்து வாங்கும் பொருள் எது என்பது தாளிலாவது தெளிவாக இருக்க வேண்டும்.

சரி, பி விஷயத்துக்கு வருவோம். 0 அல்லது 1 என்ற மிகச் சிறிய தகவல் அலகுதான் பிட். அந்தச் சொல்லை உருவாக்கியவர் ஜான் டூக்கி; கிளாட் ஷானன் 1948ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் பெயரைச் சொல்லியே அதைப் பயன்படுத்தினார். பைட் 1956இல் பிறந்தது. ஐபிஎம்மின் ஸ்ட்ரெட்ச் கணினித் திட்டத்தில் இருந்த வெர்னர் புக்ஹோல்ஸ், ஒரு வாய் கடி என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லை எடுத்து, நடுவிலிருந்த ஐயை வேண்டுமென்றே ஒய் ஆக்கினார். ஐயோடு விட்டிருந்தால், கடைசி ஈ கைதவறி விடுபட்டதும் அது பிட் ஆகிவிடும்! அன்றே எழுத்துப் பிழைக்குப் பயந்து வைத்த பெயர் இது. ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பது பின்னால் நிலைத்த கணக்கு.

ஆனால் சுருக்கி எழுதும்போது அந்தப் பாதுகாப்பு போய்விடுகிறது. பெரிய பி பைட், சின்ன பி பிட். கொள்ளளவைப் பைட்டில் சொல்வது வழக்கம், இணைப்பின் வேகத்தைப் பெரும்பாலும் பிட்டில் சொல்வார்கள். சாட்டா என்பது டிரைவைக் கணினியோடு இணைக்கும் ஒரு முறை. ஒரு சாட்டா எஸ்எஸ்டியின் பெட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். நொடிக்கு 6 ஜிகாபிட் என்று இருக்கும்; அங்கே பி சின்னது. அதை எட்டால் வகுத்து 750 மெகாபைட் என்று வாடிக்கையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். சாட்டாவில் ஒவ்வொரு எட்டு பிட்டும் பத்து பிட்டாக மாற்றப்பட்டுப் போவதால் உச்ச வரம்பு 600தான். மெகாவுக்கும் ஜிகாவுக்கும் எப்போதும் பெரிய எழுத்து. கிலோவுக்கு முறைப்படி சின்ன கே, அதைப் பெரிதாகப் போட்டாலும் யாரும் ஏமாறப் போவதில்லை.

அப்புறம் அந்த 931. பெட்டியில் போட்ட அளவும் உண்மை, திரை காட்டுவதும் அதே அளவுதான். வட்டு தயாரிப்பவர்கள் பத்தின் மடங்கில் எண்ணுகிறார்கள்; 1 டிபி என்றால் ஒரு லட்சம் கோடி பைட். விண்டோஸ் ஒரு ஜிபியை 1024ஐ மூன்று முறை பெருக்கி வருகிற 107,37,41,824 பைட்டாக எடுத்துக்கொள்கிறது. லட்சம் கோடியை அதனால் வகுத்தால் 931 வரும். ராம் நினைவகத்தின் முகவரிகள் இரண்டின் மடங்கில் அமைவதால் அங்கே 1024 இயல்பாக வந்தது. வட்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இரண்டு கணக்குக்கும் ஒரே பெயர் இருந்ததுதான் தொல்லை. 1998இல் சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்குக் கிபி, மெபி, ஜிபி என்று தனிப் பெயர்கள் வைத்தது. சுருக்கும்போது பெரிய ஜிக்கும் பெரிய பிக்கும் நடுவே சின்ன ஐ வரும். விண்டோஸ் அந்த ஐயைப் போடாமலே பழைய பெயரில் காட்டுகிறது. மேக் 2009 முதல் பத்தின் மடங்குக்கு மாறிவிட்டது. அதே டிரைவை அதில் மாட்டினால் 1 டிபி என்றே வரும். கணக்குகளைக் கலந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய 1.44 எம்பி ஃபிளாப்பியே போதும். அதில் 14,74,560 பைட். 1024ஆல் வகுத்து 1440 ஆக்கி, பிறகு 1000ஆல் வகுத்து 1.44 என்று போட்டார்கள். அந்த 1.44 எந்த ஒரு முறைக்கும் சரியாக வராது.

புதுப் பெயரால் தமிழில் ஒரு சிக்கலும் உண்டு. ஜிகாபைட்டின் சுருக்கமும் ஜிபி, புதுச் சொல்லான ஜிபிபைட்டின் முன்பாதியும் ஜிபி. அதனால் தமிழ்ப் பட்டியலில் 1024 கணக்கின் பெயரைக் கொண்டுவரவே வேண்டாம். பெட்டியில் உள்ள அளவை மட்டும் போடுங்கள்.

வன்வட்டா, வன்தட்டா? இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. நிலைவட்டு என்றும் எழுதுகிறார்கள். என் ஓட்டு வன்வட்டுக்கு. வன் என்பதோடு தட்டு சேர்ந்தால் புணர்ச்சி விதிப்படி வன்றட்டு ஆக வேண்டும், வன் + தொண்டர் வன்றொண்டர் ஆவது போல. யாரும் அப்படி எழுதப் போவதில்லை. வட்டு சேர்ந்தால் எந்த எழுத்தும் மாறாது. சொல்லும் பழையது: 401ஆம் குறளில், கட்டம் கீறாமல் காய் உருட்டுவதைச் சொல்லும் இடத்தில் ‘வட்டாடி’ என்று வருகிறது. வட்டு என்று தொடங்கினால் சிடிக்கும் குறுவட்டு என்றே போடுங்கள். ஒரே தாளில் ஓரிடத்தில் வட்டு, இன்னோரிடத்தில் தகடு என்று வேண்டாம். இலங்கையில் சிடியை இறுவட்டு என்பார்கள்; அங்கிருந்து வருகிறவர் கேட்டால் உங்கள் கடைப் பையன்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

பட்டியலின் அடியில் இப்படி ஒரு வரி போட்டுவிடுங்கள்: “1 ஜிபி = 100 கோடி பைட். விண்டோஸ் கணினியில் 500 ஜிபி சுமார் 465 என்றும், 1 டிபி சுமார் 931 என்றும் தெரியும்.” பில்லிலும் அதே வரி இருந்தால் இன்னும் நல்லது.